வலென்சியா: எலக்ட்ரிக் சைக்கிளில் ஊர் சுற்றி, வழியெல்லாம் ருசி பார்த்த கதை

அடுக்களைப்புலி (இழை தொடங்கியவர்)
செப்டம்பர் 30, இரவு 9.40

சென்ற வாரம் ஸ்பெயினில் வலென்சியாவில் நான்கு நாள் இருந்தோம். நான், கணவர், அத்தை. ஊர் திரும்பித் துணி கூட இன்னும் துவைக்கவில்லை. ஆறப்போட்டால் மறந்துவிடும் என்று முதலில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அத்தைக்கு 62 வயது, மூட்டுவலி. அரை மணி நேரம் நடந்தால் எங்காவது உட்கார வேண்டும். சுற்றுலாப் பேருந்தின் மாடியிலிருந்து ஊர் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. "மதிலுக்கு வெளியே நின்னு சாமி கும்பிடுற மாதிரி இருக்கும்மா" என்பார். அதனால் எலக்ட்ரிக் சைக்கிள் என்று முடிவெடுத்தோம். அவர் மன்னார்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வந்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் தொட்டதில்லை.

முதல் நாள் வழிகாட்டியோடு ஒரு குழுவில் சேர்ந்தோம். எட்டுப் பேர், மூன்றரை மணி நேரம், நான்கு இடத்தில் நிறுத்தி ருசி. வண்டியைக் கொடுத்ததும் பூங்காவுக்குள் பத்து நிமிடம் பழகச் சொன்னார்கள். பெடலை அழுத்தியதும் யாரோ பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு உந்தல் வரும். அத்தை முதலில் பயந்து காலை ஊன்றிவிட்டார். மூன்றாவது சுற்றில் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்தப் பூங்காதான் ஊரின் முதுகெலும்பு. பழைய ஆற்றுப்படுகை. தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகக் கல் பாலங்கள், கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆரஞ்சு மரங்களும் சைக்கிள் பாதையும்தான். "பாலம் இருக்கு, ஆறு எங்கே?" என்று அத்தை கேட்டார். வழிகாட்டி சொன்ன பதில் பெரிய கதை, பிறகு எழுதுகிறேன்.

முதல் ருசி மத்தியச் சந்தையில். 1928-ல் திறந்த கட்டடம், இரும்பும் கண்ணாடியும் ஓடுமாகக் கோபுரம் வைத்த சந்தை. கூரை உச்சியில் காற்றுத் திசை காட்ட ஒரு கிளி நிற்கிறது. வண்டியை வெளியே பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆலிவ், பாலாடைக்கட்டி, வறுத்த பாதாம். அங்கே கொடுத்த துண்டு ஹாமை நானும் அத்தையும் ஒதுக்க, கணவர் மூன்று பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இரண்டாவது இடம் ஒர்ச்சாத்தா. குளிரக் குளிர ஒரு வெள்ளைப் பானம், தொட்டுக்கொள்ள ஃபார்தோன் என்று விரல் நீள இனிப்பு ரொட்டி. ரொட்டியை உள்ளே விட்டால் ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். எதில் செய்தது என்று அத்தை கேட்க, வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து சுருங்கிய பழுப்புக் கிழங்கு நாலைந்தை எடுத்துக் காட்டினார். அத்தை ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது கோரைக்கிழங்குடி! வயல்ல இதைப் பிடுங்கிப் போடத்தான் ஆள் விடுவோம்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் குழுவே சிரித்தது.

மூன்றாவது நிறுத்தத்தில் பயேயா, அகலத் தட்டில் செய்யும் வலென்சியாச் சோறு. ருசி என்று சொல்லிச் சின்னத் தட்டில் நாலு கரண்டி, அதுவும் மாலையில், முன்பே செய்து சூடாக்கியது. நான்காவது, ஆரஞ்சுச் சாறு கலந்த ஒரு மதுபானம். பெயர் "வலென்சியாத் தண்ணீர்". நம் ஊர் அர்த்தத்தில் "தண்ணி"தான். ஜின், வோட்கா, காவா என்ற நுரைக்கும் ஒயின் எல்லாம் அதில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மறுபடி சைக்கிள் ஓட்டச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, குடிக்கவில்லை.

மொத்தத்தில் முதல் நாள் நன்றாக இருந்தது, ஆனால் வயிறும் நிறையவில்லை, மனசும் நிறையவில்லை. அடுத்த மூன்று நாள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து நாங்களே போனோம் (ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 30 யூரோ). உண்மையான சாப்பாடு அப்போதுதான் கிடைத்தது. அந்தக் கதை நீளம். யாருக்காவது ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், தொடர்கிறேன்.

---

ஒற்றைக்கியர்
செப்டம்பர் 30, இரவு 10.15

தொடருங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வலென்சியா தோசைக்கல் மாதிரி சமதளம். அங்கே எதற்கு மோட்டார்? நான் 2019-ல் சாதாரண வாடகைச் சைக்கிளில் நாள் முழுக்கச் சுற்றினேன், மூச்சு கூட வாங்கவில்லை. கிரனாடா, லிஸ்பன் போல ஏற்ற இறக்கம் உள்ள ஊர் என்றால் புரிகிறது. இது மிதிக்காமல் ஏமாற்றுவதுதானே?

---

நெய்வேலி_நிலா
அக்டோபர் 1, காலை 7.05

அக்கா, கட்டாயம் தொடருங்கள். நாங்கள் டிசம்பரில் போகிறோம், இரண்டு பேரும் சுத்த சைவம். சாப்பாட்டுப் பகுதியை விவரமாக எழுதுங்கள். மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்றால் அங்கே பிழைக்க முடியுமா?

---

பார்சலோனா_பரோட்டா
அக்டோபர் 1, காலை 8.30

ஸ்பெயினில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஒற்றைக்கியருக்கு முதலில் பதில். இங்கே சைக்கிள் என்று கணக்கில் வர வேண்டுமென்றால் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மிதித்தால் மட்டுமே உதவ வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலே ஓடுவது சைக்கிள் கணக்கில் வராது. அதனால் "மிதிக்காமல்" என்பது தவறு. மிதிக்காவிட்டால் அது 25 கிலோ இரும்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்த "தண்ணி" விஷயம். சைக்கிள் ஓட்டுபவருக்கும் கார்காரருக்கு உள்ள அதே மது வரம்புதான்: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். போலீஸ் ஊதச் சொல்லலாம். மீறினால் அபராதம் 500 யூரோ, அளவு கூடினால் 1000. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 200. நடைபாதையில் ஏறக் கூடாது. பெரியவர்களுக்கு நகரத்துக்குள் ஹெல்மெட் கட்டாயமில்லை. ஊரைத் தாண்டிச் சாலைக்குப் போனால் கட்டாயம், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எங்கேயும் கட்டாயம். ருசிப் பயணம் என்று போகிறவர்கள் மதுவைக் கடைசி நிறுத்தத்தில், வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களைப்புலி செய்ததுதான் சரி.

---

அடுக்களைப்புலி
அக்டோபர் 1, இரவு 10.02

ஒற்றைக்கியர், உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம். ஊருக்குள் மட்டும் சுற்றுவதென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, மோட்டார் தேவையில்லை. கணவர் பாதி நேரம் அணைத்துவைத்துத்தான் ஓட்டினார். ஆனால் நல்ல சாப்பாடு ஊருக்குள் இல்லை, ஊரைச் சுற்றி இருக்கிறது. அங்கே போய்வர ஒரு நாளில் 30, 40 கிலோமீட்டர் ஆகும். வெயிலும் கடற்காற்றும் வேறு. 62 வயதில் ஒருவர் கூட வர வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இரண்டாம் நாள்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பச் சொல்லி எங்கள் விடுதிக்காரம்மா அறிவுரை. காரணம் எஸ்மொர்சரெட். வலென்சியாக்காரர்களின் முற்பகல் சாப்பாடு அது. காலை உணவும் இல்லை, மதிய உணவும் இல்லை. பத்து, பத்தரைக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கொத்தனாரும் வங்கி அதிகாரியும் ஒரே கடையில் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே மேசைக்கு வருவது ஒரு தட்டு ஆலிவ், ஒரு தட்டு தோலோடு வறுத்த வேர்க்கடலை, ஊறவைத்த மஞ்சள் லூபின் பருப்பு. அப்புறம் கையளவு நீள ரொட்டி, உள்ளே உங்களுக்குப் பிடித்தது. கடைசியில் கிரெமாயெட்: ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், இரண்டு காப்பிக் கொட்டை போட்டுத் தீ வைத்து எரித்து, மேலே காப்பி ஊற்றுவது. கணவர் ஆசைப்பட்டார். வண்டி ஓட்டணும் என்று நான் தடுத்துவிட்டேன். நான்காம் நாள் வண்டியை ஒப்படைத்த பிறகு குடித்தார், அதனால் வீட்டில் சமாதானம்தான்.

வேர்க்கடலையைத் தோலோடு உடைத்துத் தின்பதைப் பார்த்து அத்தைக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்த ரொட்டி. அந்த ரொட்டிக்கு அப்புறம் மதியம் மூன்று வரை பசிக்கவில்லை. முதல் நாள் ருசிப் பயணத்தில் இது ஒரு இடத்திலும் இல்லை. மாலைப் பயணத்தில் இருக்கவும் முடியாது. வலென்சியாவில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாப்பிட்டுவிட்டு வடக்கே அல்போராயா. ஒரு பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், வியா சூர்ரா என்று பெயர். பல்கலைக்கழகக் கட்டடங்கள் முடிந்த கையோடு வயல் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் டிராம் ஓடிய தெரு, இப்போது இரண்டு பக்கமும் கத்தரி, வெங்காயம், முட்டைக்கோஸ், அந்தக் கோரைக்கிழங்கு. நடுநடுவே கல் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. அத்தை வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மதகின் பலகையைத் தூக்கிப் பார்க்கப் போனார், கணவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "எடுக்கலைடா, எப்படிப் போட்டிருக்கான்னு பார்த்தேன்."

அல்போராயாவில் மறுபடி ஒர்ச்சாத்தா, இந்த முறை வயலுக்குப் பக்கத்திலேயே. நகரத்தில் குடித்தது நன்றாக இருந்தது. இது வேறு. இனிப்பு குறைவு, கிழங்கு வாசனை தூக்கல், நாக்கில் மாவு மாதிரி லேசாகத் தங்குகிறது. பானமாகவும் கொடுக்கிறார்கள், பாதி உறைந்த பனித்தூளாகவும் கொடுக்கிறார்கள். இரண்டையும் கலந்து கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

---

மூலிகைத்தோட்டம்
அக்டோபர் 2, காலை 6.48

அத்தை சொன்னது பெரும்பாலும் சரி, ஒரு சின்னத் திருத்தம். நம் வயலில் களையாக வருவதும் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் சைப்ரஸ் ரொட்டண்டஸ். வாசனை உண்டு, கசக்கும். ஒர்ச்சாத்தாவுக்குப் போடும் வலென்சியாவின் சூஃபாக் கிழங்கு சைப்ரஸ் எஸ்குலெண்டஸ், அதன் இனிப்பான தங்கை. அல்போராயா பக்கத்து மணல் கலந்த மண்ணில் வசந்தத்தில் நடுவார்கள், நவம்பருக்கு மேல் தோண்டுவார்கள், பிறகு மூன்று மாதம் போலக் கிளறிக் கிளறி உலர்த்துவார்கள். அப்போதுதான் இனிப்பு ஏறும்.

ஒர்ச்சாத்தா எடுப்பது நாம் தேங்காய்ப்பால் எடுப்பது போலத்தான். ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை. காய்ச்சுவதில்லை. காய்ச்சினால் மாவுச்சத்து கெட்டியாகிக் கஞ்சியாகிவிடும். அதனால்தான் புதிதாக எடுத்தது சீக்கிரம் கெட்டுவிடுகிறது, கடைப் பெட்டியில் வருவது வேறு ருசியாக இருக்கிறது. பால் கிடையாது, பருப்பு வகையும் கிடையாது. நெய்வேலி நிலா, உங்களுக்கு முதல் சைவப் பதில் இது.

---

ஆற்றுமணல்
அக்டோபர் 2, பிற்பகல் 1.20

அத்தையின் "ஆறு எங்கே?" கேள்விக்கு நான் பதில் சொல்லட்டுமா? எனக்குப் பிடித்த கதை.

தூரியா ஆறு ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடியது. 1957 அக்டோபர் 14 அன்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தது, எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஊருக்குத் தெற்கே புதிய அகலமான கால்வாய் வெட்டி, ஆற்றையே அதில் திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போடுவதாகத் திட்டம். மக்கள் "படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்" என்று கிளம்பினார்கள். 1976-ல் நிலம் நகராட்சிக்கு வந்தது. எண்பதுகளில் பூங்கா வேலை தொடங்கியது. இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர். மேற்கு முனையில் விலங்குப் பூங்கா, கிழக்கு முனையில் கலை-அறிவியல் நகரம் என்ற வளாகத்தின் வெள்ளைக் கட்டடங்கள். நடுவில் ஒரு சிக்னல் கூட நிற்காமல் போகலாம். கூட்டத்தில் சைக்கிள் ஓட்டப் பயப்படுகிறவர்கள் பழக இதைவிட நல்ல இடம் ஐரோப்பாவில் குறைவு.

ஆனால் 2024 அக்டோபர் 29-ஐயும் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைய வெள்ளத்தில் வலென்சியா மாகாணத்தில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புதிய கால்வாய் நடு நகரத்தைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே பைபோர்த்தா, கத்தர்ரோஹா போன்ற ஊர்களைப் போயோ ஓடையின் வெள்ளம் சூறையாடியது. அல்புஃபேரா ஏரி வரை குப்பையும் சேறும் போய்ச் சேர்ந்தன. பூங்காவில் சைக்கிள் ஓட்டும்போது தலைக்கு மேலே உள்ள பாலங்களைப் பார்த்தால் எனக்கு இந்த இரண்டு தேதிகளும் நினைவுக்கு வரும்.

---

வல்லைவெளி
அக்டோபர் 2, இரவு 11.30

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் நவம்பர் தொடக்கத்தில் பிள்ளைகள் இரண்டு பேரோடு வலென்சியா போக ரிக்கெற் போட்டிருக்கிறோம். அடுக்களைப்புலி, அந்த வழிகாட்டிப் பயணத்துக்குக் காசு குடுக்கிறது வீண் எண்டுதானே சொல்லுறீங்கள்? நான் வீட்டில் இதையே கதைத்து மனுசியோடு சண்டை. அவ "தெரியாத ஊரில் வழிகாட்டி வேணும்" எண்டு நிக்கிறா.

---

அடுக்களைப்புலி
அக்டோபர் 3, இரவு 9.15

வல்லைவெளி அண்ணா, அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் நாளுக்கு வழிகாட்டி நல்லது. வண்டி பழகும், பாதை பிடிபடும், சாலையில் எங்கே சிவப்புக் கோடு, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பழைய ஊரின் சந்துகளில் நடப்பவர்கள் கூட்டம், அங்கே தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. ஆனால் காலைப் பயணமாகப் பாருங்கள். மாலையில் பயேயா "ருசி" என்று போட்டிருந்தால் வேண்டாம். அது மதியச் சாப்பாடு. அந்த ஊர்க்காரர்கள் இரவில் அதைத் தொடுவதில்லை.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வேண்டுமென்றே அப்படி அமைத்தோம். ஒவ்வொரு வியாழனும் நண்பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கியில் வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூவி, வழக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எல்லாம் வாய்மொழி, வலென்சிய மொழியில். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் போன அன்று ஒரு வழக்கும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்கள் "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தார்கள். அத்தை மட்டும், "வழக்கில்லைன்னா தண்ணி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். அவர் அப்பா ஊரில் முறைத் தண்ணீருக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கோடு மடையில் காவல் இருப்பாராம்.

முந்தின நாள் அவர் மதகுப் பலகையைத் தூக்கப் போனது அந்த எட்டு வாய்க்காலில் எதுவோ தெரியவில்லை. நல்ல வேளை, யாரும் வழக்குப் போடவில்லை.

பிறகு கடற்கரைப் பக்கம் கபன்யால். பழைய மீனவர் பேட்டை. வீட்டு முகப்புகளில் வண்ண ஓடு, ஒன்றுக்கொன்று ஒட்டாத நிறம். அங்கே என் கணவருக்குக் குட்டி மஸ்ஸல் சிப்பி கிடைக்கவில்லை. கிளோச்சினா என்ற அந்த வகை மே முதல் ஆகஸ்ட் வரைதானாம். அதற்குப் பதிலாகத் தித்தாயினா வாங்கினார்: தக்காளி, குடைமிளகாய், பைன் கொட்டை, உப்பிட்ட சூரை. நான் சாப்பிடவில்லை, வாசனை நன்றாக இருந்தது.

---

நெய்வேலி_நிலா
அக்டோபர் 4, காலை 9.10

சைவம், அக்கா, சைவம்!

---

பார்சலோனா_பரோட்டா
அக்டோபர் 4, காலை 10.44

நிலாவுக்கு நான் சொல்கிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. சாலட் கேட்டால் மேலே சூரை மீன் தூவி வரும், கேட்டால் "இது இறைச்சி இல்லையே" என்பார்கள். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன், சின் அத்துன்" (இறைச்சி, மீன், ஹாம், சூரை இல்லாமல்) என்று முழுப் பட்டியலையும் ஒப்பியுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் "சின் உவேவோ" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்குள் வைக்கும் உருளை அடையில் முட்டை உண்டு. காய்கறிப் பயேயா பல இடத்தில் கிடைக்கும். ஆனால் அரிசி வெந்த சாறு கோழியா காயா என்று கேட்க வேண்டும்: "எல் கால்தோ எஸ் தே வெர்தூராஸ்?" டிசம்பரில் கூனைப்பூ (ஆர்டிசோக்) பருவம், அதைப் போட்ட சோறு அருமையாக இருக்கும். சந்தையில் ஆலிவ், பாதாம், ஆரஞ்சு, உலர்ந்த அத்தி. பட்டினி கிடக்க மாட்டீர்கள். சந்தை மூன்று மணிக்கு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை.

---

அடுக்களைப்புலி
அக்டோபர் 4, இரவு 10.30

நன்றி பரோட்டா. அந்த நாலு "சின்" எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு சாலட் மிச்சமாகியிருக்கும்.

நான்காம் நாள்தான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். அல்புஃபேரா.

ஊருக்குத் தெற்கே எல் சாலேர் வழியாகப் பைன் காட்டோரம் சைக்கிள் பாதை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. ஏரியைச் சுற்றி நெல். செப்டம்பர் கடைசி, அறுவடை நடக்கிறது. அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். அவ்வளவு நேரம் "அங்கே பார், இங்கே பார்" என்று வந்தவர் கால் மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினார். ஒரு இடத்தில் இறங்கி, பாதையோரம் சாய்ந்து கிடந்த ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கி உமி ஊதினார். "குட்டை ரகம். குண்டு அரிசி. நம்ம ஊர்ல இதை இட்லிக்குப் போடலாம்" என்றார். இங்கே மே மாதம் விதைத்து செப்டம்பரில் அறுப்பார்களாம், வருடத்துக்கு ஒரே போகம். குளிர்காலத்தில் மறுபடி வயலெல்லாம் தண்ணீரை நிரப்பி விட்டுவிடுவார்கள், பறவைகள் வந்து இறங்கும். "ஒரு போகத்துக்கா இவ்வளவு தண்ணி?" என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

எல் பால்மார் என்ற சின்ன ஊரில் மதியச் சாப்பாடு. முந்தின நாளே போன் செய்து காய்கறிப் பயேயா சொல்லி வைத்திருந்தோம். அகலமான, ஆழமில்லாத இரும்புத் தட்டில் அரிசி விரலளவு உயரம்கூட இல்லை. அவரை மாதிரி பட்டையான பச்சைக்காய், கூடவே கர்ரொஃபோ என்று பெரிய வெள்ளைக் கொட்டை. ஊட்டியில் டபுள் பீன்ஸ் என்று விற்கிறார்களே, அதன் குடும்பம்தான். கரண்டியால் கிளறக் கூடாது. அடியில் பிடித்த காந்தலுக்கு சொக்காராட் என்று பெயர், அதற்குத்தான் சண்டை. எங்கள் வீட்டில் குக்கர் அடிப்பிடித்தால் திட்டு விழும். அங்கே அதைச் சுரண்டி விருந்தாளிக்குப் போடுகிறார்கள். அத்தை மூன்று முறை சுரண்டினார்.

(பக்கத்து மேசையில் விலாங்கு மீன் குழம்பு. பூண்டும் மிளகாய்த் தூளும் போட்டுச் சிவப்பாக. சாப்பிடுகிறவர்களுக்கு எல் பால்மாரில் அதுதான் விசேஷமாம்.)

திரும்பும்போதுதான் வினை. வாடகைக் கடையில் "முழு சார்ஜ், எண்பது கிலோமீட்டர் போகும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் வண்டி எல் சாலேர் வருவதற்குள் செத்துவிட்டது. இருட்டப் போகிறது, பக்கக் காற்று, 25 கிலோ வண்டி. ஒற்றைக்கியர், அன்று உங்களை நினைத்தேன். கணவர் என் வண்டியை வாங்கிக்கொண்டு தன் வண்டியைக் கொடுத்தார். அத்தையின் பேட்டரியில் மட்டும் பாதிக்கு மேல் மிச்சம். ஏன் என்று பார்த்தால் நாள் முழுக்கக் குறைந்த உதவியில் வைத்தே ஓட்டியிருக்கிறார். "எப்பவாவது தேவைப்படும்னு வெச்சிருந்தேன்" என்றார்.

---

ஒற்றைக்கியர்
அக்டோபர் 5, காலை 6.15

ஹாஹா. அத்தைக்கு என் கட்சியில் உறுப்பினர் அட்டை தயார்.

பேட்டரிக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். பேட்டரியின் மேலே எழுதியிருக்கும்: 36 வோல்ட், 13 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 468 வாட்-மணி. சமதளத்தில் நடுத்தர உதவியில் கிலோமீட்டருக்கு ஏழு முதல் பத்து வாட்-மணி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரும். பேட்டரி பழையதென்றால் அதிலும் குறையும். எண்பது என்பது புது பேட்டரி, மெலிந்த ஆள், எதிர்காற்று இல்லாத நாள். கிளம்பும்போது திரையில் எத்தனை கோடு இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தூரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் உடனே உதவியைக் குறைத்துவிடுங்கள்.

மோட்டார் வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. எல் பால்மாருக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன்.

---

வல்லைவெளி
நவம்பர் 9, இரவு 8.50

போய் வந்திட்டம். இந்த இழைக்கு நன்றி. மனுசி சொன்னபடி முதல் நாள் வழிகாட்டி, அடுக்களைப்புலி சொன்னபடி காலைப் பயணம். இரண்டு பேருக்கும் வெற்றி, காசுதான் எனக்குப் போனது. மகளுக்கு 12 வயது, பெரியாக்களின் எலக்ட்ரிக் சைக்கிளில் கால் எட்டவில்லை. அவவுக்குச் சாதாரண சின்னச் சைக்கிள் எடுத்தோம், அதுதான் எல்லாரிலும் வேகமாய்ப் போனது.

அல்போராயாப் பக்கம் போனால் வயலெல்லாம் கருகிக் கறுப்பாய்க் கிடக்குது. ஏதோ தீ விபத்து எண்டு நினைச்சு மகன் பதறிப்போனான். அங்கே நிண்ட ஒரு வயதானவர் சிரிச்சுக்கொண்டு, கிழங்கு தோண்ட முதல் மேல் புல்லை எரிக்கிறது வழக்கம் எண்டு கையாலேயே விளங்கப்படுத்தினார். சந்தையில் உலர்ந்த சூஃபா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் ஊறவைத்து மிக்ஸியில் அடிச்சுப் பிழிஞ்சு பார்த்தோம். கிட்டத்தட்ட வருது, அந்த மணம் மட்டும் குறைவு.

---

அடுக்களைப்புலி
நவம்பர் 9, இரவு 9.35

அண்ணா, இதை இப்போதுதான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். நீங்கள் ஊறவைத்ததில் ஏதாவது முளை விட்டதா? எங்கள் பால்கனியில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறதாம்.